எண்ணுதலும் பெயரிடுதலும்

ஒரு நாட்டின் மக்களை எண்ணுவது ஒரு செயல். எண்ணியவர்களுக்குப் பெயரிடுவது மற்றொரு செயல். இரண்டும் ஒரே தாளில் ஒரே கையால் எழுதப்படுவதனால் இரண்டும் ஒரே தன்மையின என்று மயங்குதல் எளிது. ஒரு வீட்டில் ஐவர் உளர் என்று கணக்கெடுப்போர் எழுதினால், ஐயுற்றவர் அவ்வீட்டுக்குச் சென்று மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அவ்வைவரும் இன்ன சாதியார், இன்ன குலவழி வந்தார் என்று எழுதினால் அதனை எங்கே சென்று சரிபார்ப்பது? அவர்களுடைய மேனியிலா, அண்டை வீட்டார் நாவிலா, அவர்கள் தாமே கூறும் கூற்றிலா? மக்கட்கணக்கு மெய்யாயிருத்தல் வேண்டும் என்று எல்லாரும் கூறுவர். எதனோடு ஒத்திருந்தால் அது மெய்யாகும் என்பதே வினா.

இவ்வினாவை இப்பொழுது எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2021-ஆம் ஆண்டில் நடந்திருக்க வேண்டிய இந்தியக் குடிக்கணக்கு அவ்வாண்டில் நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் எல்லா மக்களின் சாதியையும் குறித்துக்கொள்வது என்று மத்திய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கை 2027 மார்ச் 1-ஐ அதற்குரிய அடிப்படை நாளாகக் குறித்தது. 1931-ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பின்னர் நாடு முழுமைக்குமான சாதிக்கணக்கு அச்சேறியதில்லை. ஆகவே குடிக்கணக்கில் பல தலைமுறைகளுக்குப் பின் முதன்முறையாக ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் இக்கேள்வி கேட்கப்படவிருக்கிறது.

மும்மணிகளைச் சரணடைந்து சாதியைக் களைந்தோம் என்று கூறும் நம்மவர் இல்லங்களில் இக்கேள்விக்கு விடை கூறுதல் எளிதன்று. பஞ்சசீலத்துள் பொய் கூறாமை நான்காவது. "எனக்குச் சாதி உண்டு" என்பது ஒருவகையில் பொய். "எனக்குச் சாதி இல்லை" என்பது வேறொரு வகையில் பொய். முன்னதைக் கூறினால் நாம் பொய்யென்று அறிந்த ஒன்றுக்கு நாமே சான்றுரைத்தவராவோம். பின்னதைக் கூறினால், அப்பொய்யால் நம் முன்னோர் இழந்த நிலமும் கல்வியும் மானமும் கணக்கில் வாராமலே போகும். இரண்டு பக்கத்தாரும் நம்மிடையே உளர்; இருவர் கூற்றிலும் வலு உண்டு. ஒருவரை ஒருவர் இகழாது ஆராய வேண்டுமாயின், இந்தப் பெயர்ப்பட்டிகள் எங்கே, எவ்வாறு எழுதப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதற்கு நாம் கல்கத்தா நகருக்குச் செல்ல வேண்டும்.

1911 வரை ஆங்கில இந்தியாவின் தலைநகராயிருந்த அந்நகரம் இந்திய மக்களைப் பற்றிய ஏடுகளுக்கும் தலைநகராயிருந்தது. 1784-இல் தோன்றிய ஆசியக் கழகமும் 1814-இல் தொடங்கிய இந்தியக் காட்சிசாலையும் அங்கேயே உள்ளன. அங்கிருந்து பணியாற்றிய ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் அதிகாரி 1885 முதல் வங்காள மாகாணத்து மக்களைப் பற்றிய ஆய்வை நடத்தினார். வங்காளம், வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப் ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ ஆறாயிரம் பேருடைய தலையும் மூக்கும் கருவிகொண்டு அளக்கப்பட்டன. அளந்தவர் பெரும்பாலும் அதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவமனை உதவியாளர்கள். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி அதன் நீளத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு மூக்குக் குறியெண் என்று பெயர். ஒரு சாதியின் மூக்குக் குறியெண் குறையக் குறைய அச்சாதியின் சமூக மதிப்பு உயரும் என்பது ரிஸ்லி கண்ட முடிபு. 1891-இல் கல்கத்தாவில் வெளியான அவருடைய வங்காளச் சாதிகள் பற்றிய நூல் தொகுதிகளில் இவ்வளவுகள் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டுள்ளன.

அவர் உழைப்பைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. சோம்பேறி ஒருவன் ஆறாயிரம் மூக்குகளை அளப்பிக்க மாட்டான். ஆயினும் இங்கே நிகழ்ந்த வழுவை ஊன்றி நோக்குதல் தகும். எவர் உயர்ந்தோர், எவர் தாழ்ந்தோர் என்ற வரிசை அளப்பதற்கு முன்னரே இருந்தது. அவ்வரிசையை உடம்பில் தேடினர். தேடியதால் அது கிடைத்தது போலத் தோன்றிற்று. கிடைத்தது என்று எண்ணியதும், வரிசை இயற்கையே வகுத்தது என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

ரிஸ்லி 1901-ஆம் ஆண்டு இந்தியக் குடிக்கணக்கின் ஆணையராக விளங்கியபோது மேலும் ஒரு படி சென்றார். சாதிகளை அகர வரிசையிலோ தொழில் வரிசையிலோ அடுக்காமல், அந்தந்த இடத்து மக்கள் கருத்துப்படி மேல் கீழ் வரிசையில் அடுக்குமாறு பணித்தார். அதுவரை ஊருக்கு ஊர் மாறி, திண்ணையில் வழக்காடி, ஒரு தலைமுறையில் ஏறி மறுதலைமுறையில் இறங்கிக்கொண்டிருந்த ஒன்று சர்க்கார் முத்திரையுடன் அச்சில் ஏறியது. அதன் விளைவை அடுத்த கணக்கெடுப்பில் கண்டனர். 1911-இல் வங்காளத்துக் குடிக்கணக்கை நடத்திய ஓ'மல்லி என்பவர், தங்கள் சாதியின் பெயரையும் படியையும் மாற்றித் தருமாறு கோரி வந்த விண்ணப்பங்களை நிறுத்துப் பார்த்தால் ஒன்றரை மணங்கு எடை இருந்தது என்று அறிக்கையில் குறித்துள்ளார். இது வங்காள மணங்கு. நம் பழைய சென்னை மணங்கினும் மூன்று மடங்குக்கு மேற்பட்டது. இன்றைய நிறையில் ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோகிராம் தாள்!

இச்செய்தியைக் கேட்டு நகைப்போர் உளர். மேலேற வேண்டும் என்ற ஆசையில் ஒவ்வொரு சாதியும் தனக்கொரு பழங்கதை புனைந்துகொண்டது என்பர். அதில் உண்மையில்லாமல் இல்லை. ஒரு சாதி தனக்கு க்ஷத்திரியப் பட்டம் கேட்டபோது அடுத்த சாதியைத் தன்னினும் கீழே தள்ளுமாறு கேட்கத் தயங்கவில்லை. எனினும் அந்த ஒன்றரை மணங்கும் ஒரே தரத்தன அல்ல. கிழக்கு வங்கத்தின் நீர்தேங்கும் நிலங்களை உழுது வாழ்ந்த பெருந்திரளான மக்களைச் சர்க்கார் ஏடுகள் 'சண்டாளர்' என்று எழுதி வந்தன. அச்சொல் தமிழிலும் வசைச் சொல்லே; அதன் சுவையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அம்மக்கள் தம்மை நாமசூத்திரர் என்று கூறிக்கொண்டனர். அவ்வாறே எழுதுமாறு பல ஆண்டுகள் போராடினர். 1911-ஆம் ஆண்டு அறிக்கையில் அப்பெயரே நின்றது.

ஊரார் அவர்களை அழைத்தது முதற்பெயரால் ஆயின், அதனை எழுதுவதுதானே துல்லியமான பதிவு என்று ஒருவர் வாதிடலாம். அவருக்குக் கூறும் விடை இது. ஒருவனைப் பிறர் இகழ்ந்து அழைக்கும் சொல் இகழ்வோரைப் பற்றிய செய்தி. இகழப்படுவோனைப் பற்றிய செய்தி அன்று. "இவ்வூரார் இம்மக்களை இவ்வாறு இழித்துரைக்கின்றனர்" என்று எழுதினால் அது மெய்யான பதிவு. "இவர்கள் இன்னார்" என்று அதே சொல்லை எழுதினால் அப்பதிவும் இகழ்ச்சியில் பங்குகொண்டதாகும். எழுத்து ஒன்றே, வாக்கியம் வேறு.

அளவுகோலையே மீண்டும் அளந்து பார்த்த பணியும் கல்கத்தாவிலேயே நடந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் கற்பித்துவந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1920-இல் நாகபுரியில் நடந்த அறிவியல் மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத்துறைத் தலைவர் நெல்சன் அன்னன்டேலைச் சந்தித்தார். கல்கத்தா நகரத்து ஆங்கிலோ-இந்தியரை அளந்து வைத்திருந்த அன்னன்டேல் அவ்வளவுகளை ஆராய்ந்து தருமாறு வேண்டினார். அதனின்று தொடங்கிய ஆராய்ச்சி மகாலனோபிஸை ரிஸ்லியின் பழைய ஏடுகளுக்குக் கொண்டு சென்றது. வங்காளத்துப் பிராமணர் பிற மாகாணத்துப் பிராமணரைக் காட்டிலும் வங்காளத்தின் பிற சாதியாரையே மிகுதியும் ஒத்திருக்கின்றனர் என்பது 1925-இல் அவர் எடுத்துரைத்த முடிபுகளுள் ஒன்று. 1933-இல் ரிஸ்லியின் அச்சிட்ட அளவுகளில் இருந்த பிழைகளைக் கண்டு திருத்தி வெளியிட்டார். இரு கூட்டங்களுக்கு இடையே உள்ள வேற்றுமையை ஓர் உறுப்பால் அன்றிப் பல அளவுகளைச் சேர்த்து நோக்கிக் கணிக்கும் முறையை 1936-இல் அவர் வகுத்தார். இன்று உலகெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூக்கை அளந்து மனிதனைத் தரம்பிரிக்கப் புகுந்த ஆராய்ச்சி, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ள எல்லை எவ்வளவு மங்கலானது என்பதைக் காட்டும் கணிதமாகக் கனிந்தது.

இதன் தொடர்ச்சியையும் கூறிவிடலாம். கல்கத்தாவுக்கு அணித்தாயுள்ள கல்யாணி நகரத்து உயிர்மருத்துவ மரபணு ஆய்வுக்கூடத்தார் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியப் பெருநிலத்து மக்களுடைய மரபில் நான்கு மூலக்கூறுகள் கலந்துள்ளன என்பதும், அந்தமான் தீவுகளில் ஐந்தாவது ஒன்று உளது என்பதும் அவர்கள் கண்டவை. அவர்கள் கண்ட மற்றொன்று நமக்கு இன்னும் முக்கியமானது. பரவலாக நடந்துவந்த கலப்பு, சில கூட்டங்களில் ஏறத்தாழ எழுபது தலைமுறைகளுக்கு முன் நின்றுபோயிற்று. அதன்பின் தன் சாதிக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் வேலியிட்டது. இதனால் இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. கலப்பு முன்னது, வேலி பின்னது. ஆதலின் தூய குலவழி என்பது எவருக்கும் இல்லை. அதே வேளையில் வேலி வெறுங்கற்பனையும் அன்று; உதிரத்தில் தடம் பதிக்கும் அளவுக்கு அது கடுமையாகக் காக்கப்பட்டது. சாதி இயற்கையில் இல்லை, நடத்தையில் உண்டு. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு பேசுவோர் பாதி உண்மையே பேசுகின்றனர்.

பகவன் இதனை எவ்வாறு ஆராய்ந்தார் என்பதை இனிக் காண்போம். சுத்த நிபாதத்தில் வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு பிராமண இளைஞர் பிராமணன் என்பவன் பிறப்பால் ஆகிறானா, செயலால் ஆகிறானா என்று வழக்கிட்டு வருகின்றனர். புல், மரம், பூச்சி, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை ஆகியவற்றில் இனத்துக்கு இனம் உடம்பிலேயே அடையாளம் உண்டு என்றும், மாந்தருள் அத்தகைய வேறுபாடு உடலில் இல்லை என்றும், மாந்தரிடையே வழங்கும் பிரிவு பெயரளவானதே என்றும் பகவன் விளக்குகிறார். ரிஸ்லியின் அளவுகோலுக்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட விடை இது. அஸ்ஸலாயன சுத்தத்திலோ வாதம் வேறு திசையில் செல்கிறது. யோனர், காம்போசர் நாடுகளில் ஆண்டான், அடிமை என்னும் இரண்டே பிரிவுகள் உண்டு. ஆண்டான் அடிமையாதலும் அடிமை ஆண்டானாதலும் அங்கே இயல்பு என்று அது நினைவூட்டுகிறது. அதே சுத்தத்தில், பிறப்பால் உயர்ந்தோம் என்று செருக்கிய முனிவரிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. உங்கள் தாயும், தாயின் தாயும், அவ்வாறே ஏழு தலைமுறைவரை உள்ள பாட்டியரும் பிராமணரையன்றிப் பிறரை அறியார் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்பது அவர்கள் விடை. குலவழியை எழுத விரும்பும் ஒவ்வொரு கணக்கரும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விடை அது.

தமிழில் இவ்வுண்மையைக் கதையாகக் கண்டவர் மணிமேகலை ஆசிரியர். வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி என்பவள் ஈன்று கைவிட்ட மகவை ஓர் ஆ ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. வயனங்கோட்டு இளம்பூதி அதனை எடுத்து வளர்த்து மறை ஓதுவிக்கிறான். வேள்விக்குக் கட்டிய பசுவை அவ்விளைஞன் இரவில் விடுவித்ததால் அந்தணர் அவனை அடித்து, ஆவின் மகன் என்று பழிக்கின்றனர். அவர் போற்றும் முனிவருள்ளே விலங்கின் வயிற்றில் தோன்றியோர் இன்னின்னார் என்று அவன் எடுத்துரைக்கிறான். அப்பொழுது ஒரு முதியவன் எழுந்து, "இவன் பிறப்பை யான் அறிவேன்" என்னும் பொருள்படப் பேசி, சாலியின் வரலாற்றை வெளியிடுகிறான். அது பொய்யன்று. முதியவன் கூறிய ஒவ்வொரு செய்தியும் உண்மை. அவ்வுண்மையின் பயன் யாதெனின், வளர்த்த தந்தையும் அவனைக் கைவிடுகிறான். ஊரார் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லிடுகின்றனர்.

ஆபுத்திரன் கதையை நாம் அறச்சாலைக்கும் அமுதசுரபிக்கும் முன்னுரையாகவே படித்துப் பழகிவிட்டோம். பதிவைப் பற்றிய கதையாகவும் அதனைப் படித்தல் வேண்டும். துல்லியமான செய்தி தீயவன் கையில் ஆயுதமாகலாம் என்பதற்கு அதனினும் சிறந்த சான்றை நம் இலக்கியத்தில் காண்பது அரிது. பிற்காலத்து உலகில் இது பேரளவில் நிகழ்ந்தது. ருவாண்டா நாட்டில் பெல்ஜிய ஆட்சியாளர் 1930-களில் ஒவ்வொருவருக்கும் அளித்த அடையாளச் சீட்டில் அவர் ஹூட்டுவா, டுட்சியா, ட்வாவா என்று பொறித்தனர். 1994-ஆம் ஆண்டுப் படுகொலையின்போது சாலைத் தடைகளில் அந்தச் சீட்டைப் பார்த்தே பலரைக் கொன்றனர். கூட்டத்தின் தொகையை எழுதுவது வேறு; தனி ஒருவனுடைய பெயர்மேல் முத்திரை குத்தி அவன் சட்டைப்பையில் வைத்தனுப்புவது வேறு.

அப்படியாயின் எழுதாமலே விட்டுவிடலாமே எனின், எழுதப்படாமையும் ஒரு தண்டனை என்பதை இலங்கை மலையகத் தமிழர் வரலாறு காட்டும். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அம்மக்கள் இலங்கைக் குடிக்கணக்கில் 1911 முதல் 'இந்தியத் தமிழர்' என்று தனித்து எழுதப்பட்டனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று எங்கே கிடைக்கும்? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. எந்தப் பெயரை எழுத வேண்டும் என்று ஆட்சிக்குத் தெரிந்திருந்தது. பிறப்பை எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. வேண்டாததை எழுதி வேண்டியதை விட்ட பதிவேட்டுக்கு இதனை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இவ்விரு கேடுகளுக்கும் நடுவே நடந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிந்துகொள்ளத் தூண்டினார். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் தொடங்கிய தம் இதழின் வழியாக, 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்று எழுதுமாறு வலியுறுத்தினார். இதே காலத்தில் கல்கத்தாவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். சிட்டகாங்குப் பகுதியிலிருந்து அந்நகருக்கு வந்த வங்காள பௌத்தர்களை ஆங்கிலேயர் ஏடுகள் 'மக்' என்று எழுதின. அச்சொல்லால் அரக்கானியக் கடற்கொள்ளையரையும் சுட்டினர். கல்கத்தாத் துரைமார் வீடுகளில் பெயர்பெற்ற சமையற்காரரையும் சுட்டினர். அம்மக்களுள் பலர் அதனை விரும்பவில்லை. வேறு சிலர் அது மகதம் என்னும் சொல்லின் திரிபு என்று கூறி அதற்கே பெருமை தேடினர். கிருபாசரண் மகாஸ்தவிரர் 1892-இல் அந்நகரில் ஒரு சங்கம் அமைத்தபோது இவ்வழக்கில் எதனையும் பற்றாமல் அதற்குப் பௌத்த தர்மாங்குர சபை என்று பெயரிட்டார். சென்னையில் ஒருவர், கல்கத்தாவில் ஒருவர். இருவரும் ஆறு ஆண்டு இடைவெளியில், பிறர் இட்ட பெயரை மறுத்துத் தாம் நடக்கும் நெறியைத் தம் பெயராக்கிக்கொண்டனர். பண்டிதர் தம் மக்களைக் கணக்கெடுப்பிலிருந்து ஒளிந்துகொள்ளுமாறு கூறவில்லை என்பதைக் கருத வேண்டும். எழுதுங்கள், ஆனால் நாங்கள் கூறுவதை எழுதுங்கள் என்பதே அவர் நிலை.

அவ்வாறு மெய் எழுதியதற்குப் பின்வந்தோர் விலை கொடுத்தனர். 1956 அக்டோபரில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரும் அவருடன் இலட்சக்கணக்கானோரும் பௌத்தம் தழுவினர். 1951-இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரமாயிருந்த இந்திய பௌத்தர் தொகை 1961-இல் 32 இலட்சத்தைக் கடந்தது. ஆனால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துக்களும், 1956-இல் செய்த திருத்தத்தால் சீக்கியரும் மட்டுமே அட்டவணைச் சாதியினராகக் கருதப்பட்டனர். பௌத்தர் அதில் சேர்க்கப்பட்டது 1990-இல்தான். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில், பௌத்தம் என்று மெய் எழுதியவர் அட்டவணைச் சாதியினருக்கு உரிய கல்விச் சலுகையையும் வேலை ஒதுக்கீட்டையும் மத்திய அரசில் இழக்க நேர்ந்தது. பிள்ளைகளின் படிப்பை எண்ணி இந்து என்றே எழுதியவர்களைச் சீலம் தவறியோர் என்று தூற்ற நமக்கு மனம் வரவில்லை. உண்மை உரைத்தால் தண்டம் என்று விதித்துவிட்டு, உரையாதவனைப் பொய்யன் என்பது எவ்வகை நீதி? மெய்யான பதிவு வேண்டுமெனில், மெய் கூறுவோனுக்கு அதனால் கேடு வாராதபடி காத்தல் பதிவு செய்வோன் கடமை.

இனி நம் வாயிலில் நிற்கும் கேள்விக்கு வருவோம். சாதி என்ன என்று கேட்கப்படும்போது அக்கேள்விக்கு இருபொருள் கொள்ளலாம். நீ இயல்பில் யார் என்பது ஒன்று. உலகம் உன்னை எந்தக் கூட்டத்தில் வைத்து நடத்தியது என்பது மற்றொன்று. முதற்பொருளுக்கு நம் விடை: மனிதர். இரண்டாம் பொருளுக்கு நம் முன்னோர் பட்ட பெயரே விடை. புண்பட்டவன் மருத்துவனிடம் புண்ணைக் காட்டுகிறான். அதனால் புண்ணைத் தன் உறுப்பென்று கூறியவன் ஆகான். பகவனும் உலக வழக்குச் சொற்களைப் பற்றின்றி எடுத்தாண்டார் என்பதை நிகாயங்கள் காட்டும். ஆகவே ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த பௌத்தர் மதத்துக்குப் பௌத்தம் என்றும், சாதிக்கு உலகம் தம்மை நடத்திய பெயரையும் கூறுவதில் சீலக்கேடு இல்லை என்பது நம் துணிபு.

சாதி இல்லை என்றே கூறுவேன் என்பவரிடம் ஒரு வேறுபாட்டைக் கேட்டறிய வேண்டும். தாழ்த்தப்பட்டவர் அவ்வாறு கூறினால் அது துறவு. தமக்கு வரக்கூடிய ஒன்றை விடுகின்றார். சாதியால் பயனடைந்த குடியிற் பிறந்தவர் அவ்வாறு கூறுவதோ அத்துணை உயர்ந்ததன்று. பாட்டன் பெற்ற நிலமும் படிப்பும் கையிலிருக்க, பாட்டன் பெயரை மட்டும் கழற்றி வைப்பது எளிய காரியம். கடன் கொடுத்தவன் மட்டும் கணக்கெழுதி, வாங்கியவன் எழுத மறுத்தால் அக்கணக்கு எங்ஙனம் நேராகும்? வரவு வைத்தவரும் தம் பெயரை எழுதத்தான் வேண்டும். 1951 முதல் அட்டவணைச் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமே கணக்கெடுப்பில் சாதி கேட்கப்பட்டு வந்தனர்; இழந்தவர் கணக்கு இருந்தது, பெற்றவர் கணக்கு இல்லை. வரும் கணக்கெடுப்பின் நன்மை எதுவெனின் இதுவே என்போம்.

எழுதுவோர்க்குள்ள இடர்ப்பாடுகளும் சிறியன அல்ல. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகம் 1985-இல் குமார் சுரேஷ் சிங் தலைமையில் நாட்டு மக்கள் அனைவரையும் பற்றிய பெரும்பணியைத் தொடங்கியது. அளவுகோலை மட்டும் நம்பாது, மக்களிடம் சென்று அவர்கள் தம்மைப் பற்றிக் கூறுவதைக் கேட்டு, 4,635 சமூகங்களை அது பதிந்தது. 2011-இல் நடத்திய சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பிலோ, சாதிப்பெயர் எனக் கிடைத்தவை 46 இலட்சத்துக்கு மேல் என்று மத்திய அரசு 2021-இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. 1931-இல் அவை 4,147. மக்கள் பெருகினாலும் சாதிகள் ஆயிரம் மடங்கு பெருகுமோ? குலப்பெயர், கோத்திரம், பட்டப்பெயர், ஊர்ப்பெயர், ஒரே பெயரின் பலவகை எழுத்துக்கூட்டு எல்லாம் தனித்தனிச் சாதிகளாக நின்றுவிட்டன. இங்கே பிழை செய்தது கெட்ட எண்ணம் அன்று, கவனக்குறைவு.

1948-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டம் விடை கூறுவோனைத் தான் அறிந்த அளவிலும் நம்பும் அளவிலும் விடை கூறுமாறுதான் பணிக்கிறது. உடல் சான்றோ ஓலைச் சான்றோ கேட்கவில்லை. வழக்கத்தால் கணவன் பெயரைக் கூறாத பெண்ணை அப்பெயரைக் கூறுமாறு வற்புறுத்தவும் அது இடந்தரவில்லை. ஒரு தனிமனிதனைப் பற்றி எழுதியதைப் பிறர் பார்வையிடுவதற்கும் அச்சட்டத்தில் உரிமை இல்லை. ஆபுத்திரனை ஊர்நடுவே நிறுத்திப் பிறப்புரைத்த முதியவனுக்கு இச்சட்டத்தில் இடமில்லை என்று கூறலாம். இக்காப்பு ஏட்டளவில் நில்லாது நடைமுறையிலும் நிற்கும்படி பார்த்துக்கொள்வது சங்கங்களின் வேலை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியா முழுவதும் பௌத்தர் ஏறத்தாழ 84 இலட்சம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 ஆயிரமே. வரும் கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலியின் வழியே நடைபெறும் என்றும், வீட்டார் தாமே விவரங்களைப் பதிந்துகொள்ளவும் வசதி உண்டு என்றும் அரசு அறிவித்துள்ளது. அன்பர்கள் இல்லத்தில் முன்னரே கலந்து பேசி, அரசுப் பட்டியலில் தம் சாதிப்பெயர் எந்த எழுத்துக்கூட்டில் உள்ளது என்பதைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்க. அண்ணன் வீட்டில் ஒருவகையாகவும் தம்பி வீட்டில் ஒருவகையாகவும் எழுதினால் இரண்டு சாதியாகிவிடும். கணக்கெடுக்க வருபவர் மதத்தைக் கேளாமலே இந்து என்று குறித்துக்கொள்ளக்கூடும்; சினங்கொள்ள வேண்டா, அவருக்கு அன்று இன்னும் நாற்பது வீடுகள் இருக்கலாம். பௌத்தம் என்று கூறி, குறித்ததை ஒருமுறை படித்துக்காட்டுமாறு கேட்டு அனுப்புக.